அணுவை நிறுத்துப் பார்த்த ஆசிரியர்: ஜோன் தாற்றன் (1766 – 1844)



சடப்பொருள் என்றால் என்ன என்று வினாவினால், திணிவு உடையதும் இடத்தை அடைத்துக்கொள்வதுமான பொருள் என்று விடை எழுதுவீர்கள். அது எதனால் ஆனது என்று கேட்டால், அணு, மூலக்கூறு முதலிய மிகச் சிறிய துணிக்கைகளால் ஆனது என்று எழுதுவீர்கள். இரண்டு விடைக்கும் புள்ளி கிடைக்கும். ஆனால் ஓர் அணுவை உங்கள் கண்ணால் கண்டதுண்டா? உங்களுக்குக் கற்பித்த ஆசிரியரும் கண்டிருக்கமாட்டார். காணாத ஒன்றை எப்படி இவ்வளவு உறுதியாக எழுதுகிறோம்?

இந்தக் கேள்வியை ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நான் படித்தது கலைப்பிரிவில். ஆகவே சமன்பாடுகளைத் தேடாமல் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவரே ஜோன் தாற்றன். டால்டன் என்றும் சில நூல்களில் எழுதியிருப்பார்கள். இக்கையேட்டின் வேறொரு பகுதியில் அவரது கொள்கையை இலக்கமிட்டு மனனம் செய்வீர்கள். அதற்கு முன்னர் அவரது வரலாற்றை ஒரு தடவை வாசித்து விடுங்கள். மனனம் செய்வதற்கும் இலகுவாக இருக்கும்.

நெசவாளியின் மகன்

இங்கிலாந்தின் வடமேற்கே கம்பர்லாந்து என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள ஈகிள்ஸ்பீல்ட் என்ற சிற்றூரில் 1766 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் தாற்றன் பிறந்தார். தந்தை யோசப் கைத்தறி நெசவாளி. சிறிதளவு நிலமும் இருந்தது. வறுமையான குடும்பம் என்றே கூறவேண்டும். அவர்கள் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிய உடை, எளிய பேச்சு, உழைப்பு என்பன அப்பிரிவினரின் வழக்கம்.

ஊரிலிருந்த குவேக்கர் பாடசாலையில் சிறுவன் தாற்றன் படித்தான். இலிகு றொபின்சன் என்ற அயலவர் காலநிலையை அவதானிப்பதிலும் கருவிகள் செய்வதிலும் ஈடுபாடு உள்ளவர். அவர் இச்சிறுவனின் கணித ஆர்வத்தைக் கண்டு மாலை வேளைகளில் கற்பித்தார். பன்னிரண்டு வயதில் தாற்றன் தானே ஆசிரியரானார். அவரிடம் படித்தவர்களில் சிலர் அவரை விட வயதிற் கூடியவர்கள்! பாடசாலை வருமானம் போதாமையால் வயலிலும் வேலை செய்தார்.

பின்னர் 1781 இல் கெண்டல் என்ற நகருக்குச் சென்று, தமையன் யோனதனுடன் ஒரு குவேக்கர் பாடசாலையிற் கற்பித்தார். நான்கு ஆண்டுகளின் பின் சகோதரர் இருவருமே அப்பாடசாலையைப் பொறுப்பேற்று நடத்தினர்.

கெண்டலில் அவருக்கு வாய்த்த பெரும் பேறு ஜோன் கௌ என்பவரின் நட்பாகும். கௌ குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயினாற் பார்வையை இழந்தவர். ஆயினும் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகிய மொழிகளையும் கணிதத்தையும் தாற்றனுக்குக் கற்பித்தவர் அவரே. கண் தெரியாதவர் ஒருவர், பிற்காலத்தில் காணமுடியாத அணுவை ஆராய்ந்த ஒருவருக்கு ஆசானாக அமைந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். நாள்தோறும் காலநிலையைக் குறித்து வைக்கும் பழக்கத்தையும் கௌவே ஊக்குவித்தார். 1787 மார்ச் 24 ஆம் திகதி தாற்றன் தமது காலநிலைக் குறிப்பேட்டைத் தொடங்கினார். அந்தக் குறிப்பேட்டை மறந்துவிடாதீர்கள். இவ்வரலாற்றின் முடிவில் மீண்டும் அதனிடம் வருவோம்.

பட்டம் இல்லாத ஆசிரியர்

இவ்வளவு திறமை உள்ளவர் ஏன் பல்கலைக்கழகம் செல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்கள் ஒக்ஸ்போட், கேம்பிரிஜ் ஆகிய பல்கலைக்கழகங்களிற் பட்டம் பெற முடியாது. குவேக்கர் குடும்பத்திற் பிறந்த ஒரே காரணத்தினால் அந்த வாயில் அவருக்கு அடைபட்டிருந்தது. திறமை குறைவு என்பதனால் அன்று.

1793 இல் அவர் மன்செஸ்ரர் நகருக்கு வந்தார். பருத்தி ஆலைகள் பெருகி வளர்ந்துகொண்டிருந்த கைத்தொழில் நகரம் அது. திருச்சபையைச் சாராதோருக்கென அங்கு இயங்கிய புதிய கல்லூரியில் கணிதமும் இயற்கைத் தத்துவமும் கற்பித்தார். அடுத்த ஆண்டு மன்செஸ்ரர் இலக்கிய மெய்யியற் கழகத்தில் உறுப்பினரானார். அங்கு அவர் வாசித்த முதலாவது முக்கிய கட்டுரை தமது கண்களைப் பற்றியது. ஒரு பூ பகலில் நீலமாகவும் மெழுகுதிரி வெளிச்சத்திற் சிவப்பாகவும் தமக்குத் தோன்றுவதையும், மற்றவர்களுக்கு அப்படித் தோன்றாமையையும் அவர் கவனித்தார். சிவப்பு அரக்கும் பச்சை இலையும் அவருக்கு ஏறத்தாழ ஒரே நிறமாகத் தெரிந்தன. நிறக்குருடு பற்றி முறையாக ஆராய்ந்த முதற் கட்டுரைகளுள் ஒன்றாக அது விளங்குகின்றது. தமது கண்ணினுள் இருக்கும் திரவம் நீல நிறமாக இருப்பதே இதற்குக் காரணம் என அவர் கருதினார். தாம் இறந்த பின் கண்ணை எடுத்துச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்.

1800 இல் கல்லூரிப் பதவியை விட்டு விலகினார். அதன் பின்பு அவரது பிழைப்பு தனிப்பட்ட வகுப்புகள்தாம். இன்று நீங்கள் பின்னேரத்தில் ரியூசனுக்குப் போகிறீர்கள் அல்லவா? அப்படிப்பட்ட ஓர் ஆசிரியராகவே உலகப் புகழ் பெற்ற இந்த மனிதர் பல்லாண்டுகள் வாழ்ந்தார். கழகக் கட்டடத்தில் அவருக்கு ஓர் அறை தரப்பட்டது. அங்கேயே கற்பித்தார், அங்கேயே பரிசோதனையும் செய்தார். பிரான்சிலிருந்து அவரைக் காண வந்த இரசாயனவியலாளர் ஒருவர், ஒரு சிறுவனின் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்த முதியவரைக் கண்டு, இவர்தானா அந்தத் தாற்றன் என்று திகைத்தார் எனவும், பையனின் கணக்கு முடியும் வரை பொறுத்திருக்குமாறு தாற்றன் அவரைக் கேட்டுக்கொண்டார் எனவும் ஒரு கதை வழங்குகிறது. அவரிடம் படித்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் பிரெஸ்கொட் யூல். சக்தியின் அலகாக நீங்கள் எழுதும் யூல் அவருடைய பெயரே.

காலநிலையிலிருந்து அணுவுக்கு

மாணவர்களே, இப்பகுதியைக் கவனமாக வாசியுங்கள். அணு என்ற எண்ணத்தைத் தாற்றன் முதன்முதலில் கூறவில்லை. சடப்பொருளைப் பிரித்துக்கொண்டே போனால் மேலும் பிரிக்க முடியாத துணிக்கை மிஞ்சும் என்று கிரேக்க அறிஞர் டெமோகிரிற்றஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கூறியிருந்தார். ஆனால் அது சிந்தனை மாத்திரமே. சரி என்று காட்டவும் முடியாது, பிழை என்று காட்டவும் முடியாது. தாற்றன் செய்த புதுமை, அந்த அணுவுக்கு ஒரு நிறையைக் கேட்டதாகும்.

அவரை அங்கே கொண்டு சென்றது வளி பற்றிய ஆராய்ச்சி. வளியில் நைதரசன், ஒட்சிசன், நீராவி என்பன உள்ளன. இவற்றின் அடர்த்திகள் வேறுபட்டவை. அப்படியாயின் எண்ணெயும் நீரும் போலப் படைபடையாகப் பிரியாமல் எங்கும் ஒரே சீராகக் கலந்திருப்பது எப்படி? இதனை ஆராய்ந்தபோது, கலவையிலுள்ள ஒவ்வொரு வாயுவும் தான் மாத்திரம் இருந்தால் எவ்வளவு அமுக்கத்தைத் தருமோ அவ்வளவையே கலவையிலும் தருகின்றது என்று கண்டார். உயர்தர வகுப்பிற் படிக்கப்போகும் பகுதியமுக்க விதி இதுவேயாகும்.

அடுத்து, சில வாயுக்கள் நீரில் அதிகமாகவும் சில குறைவாகவும் கரைவது ஏன் என்று வினாவினார். துணிக்கைகளின் நிறை வேறுபடுவதுதான் காரணமோ என்று எண்ணினார். அந்த எண்ணம் சரியன்று என்பது இன்று நமக்குத் தெரியும். ஆயினும் அதைச் சோதிப்பதற்குத் துணிக்கைகளின் நிறை தெரியவேண்டியிருந்தது. 1803 செப்ரெம்பரில் தமது குறிப்புப் புத்தகத்தில் அணுநிறைகளின் முதலாவது அட்டவணையை எழுதினார்.

ஓர் அணுவைத் தராசில் வைக்க முடியாதே, எப்படி நிறுத்தார்? ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு பெட்டியில் நூறு பேனையும் நூறு பேனை மூடியும் உள்ளன என்போம். ஒரு பேனையை எடுத்து நிறுக்க உங்களுக்கு வழியில்லை. ஆனால் பேனைகள் எல்லாவற்றினதும் மொத்த நிறை மூடிகளின் மொத்த நிறையைப் போல எட்டு மடங்கு என்று தெரிந்தால், ஒரு பேனை ஒரு மூடியைப் போல எட்டு மடங்கு நிறை என்று கூறிவிடலாம். எண்ணிக்கை சமம் என்பது மாத்திரம் தெரிந்தாற் போதும். தாற்றனும் இதையே செய்தார். மிக இலேசான ஐதரசனின் அணுநிறையை 1 எனக் கொண்டார். மற்ற அணுக்களை அதனுடன் ஒப்பிட்டார். இன்று சார் அணுத்திணிவு என நாம் அழைப்பதன் தொடக்கம் இதுவே.

அவரது கருத்துக்கு வலுவான சான்று வேறொன்றும் கிடைத்தது. குளங்களின் சேற்றைக் கிளறி, மேலெழும் வாயுவைச் சேகரித்து அவர் ஆராய்ந்தார். இன்று அதனை மெதேன் என்கிறோம். அதையும் எதிலீன் வாயுவையும் ஒப்பிட்டபோது, ஒரே அளவு காபனுடன் மெதேனிற் சேர்ந்துள்ள ஐதரசன் எதிலீனில் உள்ளதைப் போல இரு மடங்காக இருந்தது. இன்றைய அளவிற் கூறினால், 12 கிராம் காபனுடன் ஒன்றில் 4 கிராமும் மற்றதில் 2 கிராமும் ஐதரசன் உண்டு. காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு ஆகியவற்றிலும் அப்படியே. 12 கிராம் காபனுடன் முதலாவதில் 16 கிராம் ஒட்சிசனும் இரண்டாவதில் 32 கிராம் ஒட்சிசனும் சேர்கின்றன. ஏன் ஒன்றே கால் மடங்கு, ஒன்றே முக்கால் மடங்கு என்று வருவதில்லை? பொருள்கள் முழு முழுத் துணிக்கைகளாகச் சேர்வதாற்றான். அரை அணு சேர்வதில்லை. இதனையே பல்விகிதசம விதி என்கிறோம். அணுவைக் காணாமலே நம்புவதற்குரிய காரணம் இங்கேதான் இருக்கிறது.

தாற்றனின் அணுக்கொள்கை

1808 இல் வெளியான இரசாயன மெய்யியலின் புதிய முறைமை என்னும் நூலின் முதற் பாகத்தில் இக்கொள்கையை விரிவாக எழுதினார். அதன் சாரத்தைப் பின்வருமாறு நினைவிற் கொள்ளுங்கள்.

1. சடப்பொருள் அணுக்கள் என்னும் மிகச் சிறிய துணிக்கைகளால் ஆனது. அணுக்களை ஆக்கவோ அழிக்கவோ மேலும் பிரிக்கவோ முடியாது.
2. ஒரே மூலகத்தின் அணுக்கள் யாவும் திணிவிலும் இயல்புகளிலும் ஒத்தவை.
3. வெவ்வேறு மூலகங்களின் அணுக்கள் திணிவிலும் இயல்புகளிலும் வேறுபட்டவை.
4. மூலகங்களின் அணுக்கள் எளிய முழுவெண் விகிதத்திற் சேர்ந்து சேர்வைகளைத் தருகின்றன.
5. இரசாயனத் தாக்கத்தின்போது அணுக்கள் சேர்தல், பிரிதல், மீள ஒழுங்காதல் என்பன மாத்திரமே நிகழ்கின்றன.

அணுக்களைக் காட்டுவதற்கு வட்டக் குறியீடுகளையும் அவர் பயன்படுத்தினார். வெறும் வட்டம் ஒட்சிசன். நடுவிற் புள்ளியிட்ட வட்டம் ஐதரசன். கறுப்பாக நிரப்பிய வட்டம் காபன்.

அவர் விட்ட பிழைகள்

பெரியவர்களின் வரலாற்றை எழுதுவோர் பிழைகளை மறைத்து விடுவதுண்டு. நாம் அப்படிச் செய்யத் தேவையில்லை. ஏனெனில் பரீட்சையிலேயே குறைபாடுகளைக் கேட்கிறார்கள்!

நீரில் ஓர் ஐதரசன் அணுவும் ஓர் ஒட்சிசன் அணுவும் இருப்பதாகத் தாற்றன் கொண்டார். இரு மூலகங்கள் சேர்ந்து ஒரேயொரு சேர்வை மாத்திரம் தெரிந்திருந்தால், அது ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்தது எனக் கொள்வது அவரது விதி. வேறு ஆதாரம் இல்லாதபோது மிக எளிய வழியை எடுத்தார். நீரில் 1 கிராம் ஐதரசனுக்கு 8 கிராம் ஒட்சிசன் உண்டு. தாற்றனின் அளவீடுகள் செம்மையாக இராமையால் 1808 இல் ஒட்சிசனுக்கு 7 என எழுதினார். அளவீடு செம்மையாக இருந்திருந்தாலும் அவர் முறைப்படி 8 தான் வந்திருக்கும். உண்மையில் நீர் மூலக்கூற்றில் ஐதரசன் அணுக்கள் இரண்டு. ஆகவே ஒட்சிசனின் பெறுமானம் 16 ஆகும்.

இதைத் திருத்துவதற்கு ஒரு வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. வாயுக்கள் எளிய கனவளவு விகிதங்களிலேயே தாக்கமுறுகின்றன என்றும், இரு கனவளவு ஐதரசன் ஒரு கனவளவு ஒட்சிசனுடன் சேர்கின்றது என்றும் பிரெஞ்சு அறிஞர் கேலுசாக் காட்டினார். தாற்றன் அதை ஏற்க மறுத்தார். 1811 இல் இத்தாலியரான அவகாதரோ இரண்டையும் பொருத்தும் வழியைக் கூறினார். அதையும் அக்காலத்தில் அநேகர் பொருட்படுத்தவில்லை. 1860 இல் ஜேர்மனியின் கால்சுறூ நகரில் நடைபெற்ற இரசாயனவியலாளர் மாநாட்டின் பின்னரே இந்தக் குழப்பம் தீரத் தொடங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுத் தாமதம்! தமது கணக்கிற் பிழை விட்டதை விட, பிறர் அளவீட்டை ஏற்க மறுத்ததே தாற்றனின் பெரிய குறை என்பது எனது அபிப்பிராயம்.

அவரது முதலிரு எடுகோள்களும் பிற்காலத்தில் திருத்தப்பட்டன. 1897 இல் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தார். 1911 இல் ரதபோட் அணுவின் மையத்திற் கரு உண்டு என நிறுவினார். ஒரே மூலகத்தின் அணுக்கள் திணிவில் வேறுபடலாம் என்பதைச் சமதானிகள் காட்டின. இதில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். தொம்சன் பிறந்த நகரம் மன்செஸ்ரர். ரதபோட் கருவைக் கண்டறிந்ததும் மன்செஸ்ரரில். அணுவைப் பிரிக்க முடியாது என்று தாற்றன் எழுதிய அதே நகரில்தான் அணுவின் உள்ளே மனிதன் எட்டிப் பார்த்தான்.

புகழும் இறுதி நாட்களும்

தாற்றன் திருமணம் செய்யவில்லை. வியாழக்கிழமை பிற்பகலில் பந்துருட்டி விளையாடுவதே அவரது பொழுதுபோக்கு. புகழை அவர் தேடிச் செல்லவில்லை. 1810 இல் இலண்டன் றோயல் கழகத்திற் சேர விண்ணப்பிக்குமாறு டேவி அழைத்தபோது இணங்கவில்லை. 1822 இல் அவரைக் கேளாமலே பெயரை முன்மொழிந்து உறுப்பினராக்கினர். 1826 இல் றோயல் பதக்கம் கிடைத்தது. 1832 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. ஆம், மாணவனாக அவருக்குப் பட்டம் தராத அதே ஒக்ஸ்போட்தான். 1834 இல் மன்னர் நான்காம் வில்லியத்தைச் சந்தித்தபோது அந்தப் பட்டத்துக்குரிய செந்நிற அங்கியை அணிந்து சென்றார். பகட்டான நிறங்களைக் குவேக்கர்கள் அணிவதில்லை. ஆனால் அவர் கண்ணுக்கு அது சிவப்பாகவே தெரியவில்லை!

1837 இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. பேச்சும் நடையும் தளர்ந்தன. குறிப்பேடு மாத்திரம் நிற்கவில்லை. 1844 யூலை 26 ஆம் திகதி நடுங்கும் கையால் பாரமானி, வெப்பமானி வாசிப்புக்களையும் அன்று சிறிது மழை பெய்ததையும் எழுதி வைத்தார். மறுநாட் காலை காலமானார். 57 ஆண்டுகளில் அக்குறிப்பேடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அவதானிப்புக்கள் சேர்ந்திருந்தன. நகர மண்டபத்தில் வைக்கப்பட்ட அவரது உடலுக்குச் சுமார் 40,000 பேர் அஞ்சலி செலுத்தினர்.

அவர் கேட்டுக்கொண்டபடி கண்ணைச் சோதித்தனர். உள்ளே இருந்த திரவம் நீலமன்று, தெளிவாகவே இருந்தது. ஐம்பது ஆண்டுகளாக அவர் நம்பிய விளக்கம் பிழை என்று ஒரே நாளில் தெரிந்தது. ஆனால் கண்ணின் எச்சங்களைக் கழகத்தினர் பாதுகாத்து வைத்தனர். 1995 இல் விஞ்ஞானிகள் அதிலிருந்து டீ.என்.ஏ. எடுத்து ஆராய்ந்து, நடுத்தர அலைநீள ஒளியை உணர்வதற்குரிய பரம்பரையலகு அவரிடம் இல்லாமையே காரணம் எனக் கண்டனர். சோதித்துப் பாருங்கள் என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த விடையும் கிடைத்திராது.

மாணவர்களே, எங்கள் வகுப்பில் கணக்குப் பிழைத்தால் உடனே அழிறப்பரை எடுத்து முழுவதையும் அழித்துவிடும் பிள்ளைகள் பலர் உண்டு. அழித்த இடத்தில் எதைத் திருத்துவது? விடை பிழைத்தாலும் படிமுறைக்குப் புள்ளி வழங்கப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். தாற்றனின் நீர் பிழை, ஒட்சிசனின் பெறுமானம் பிழை, கண் பற்றிய விளக்கமும் பிழை. ஆனால் எந்த இலக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர் தெளிவாக எழுதி வைத்தார். ஆகையாற்றான் பின்வந்தவர்களுக்குத் திருத்த முடிந்தது. அவர் எழுதாமல் விட்டிருந்தால் திருத்துவதற்கும் ஒன்றும் இருந்திராது. நீங்களும் படிமுறையை எழுதுங்கள். பிறர் சுட்டிக்காட்டும் திருத்தத்தை, தாற்றனை விடச் சற்று விரைவாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. தாற்றனுக்கு முன்னர் கூறப்பட்ட அணுக்கருத்துக்கும் தாற்றனின் கொள்கைக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு யாது?
2. பல்விகிதசம விதியைக் காபனின் ஒட்சைட்டுகள் இரண்டைக் கொண்டு விளக்குக.
3. ஒட்சிசனின் அணுநிறை தாற்றனின் அட்டவணையிற் பிழையாக அமைந்தமைக்கு இரு காரணங்கள் தருக.
4. தாற்றனின் எடுகோள்களுள் பிற்காலத்தில் திருத்தப்பட்டவை எவை? அவற்றைத் திருத்திய கண்டுபிடிப்புக்களைக் குறிப்பிடுக.
5. தாற்றனின் வாழ்விலிருந்து ஒரு மாணவர் கற்கக்கூடியவற்றை ஒரு பந்தியில் எழுதுக.